நாலாவது ஆள்

தாட்சாயணிக்குப் பேயோட்டுகிற வேலை. சேலம் ஐந்து ரோட்டில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், ஏசி அறையில் உட்கார்ந்து மாதச் சம்பளத்துக்குப் பேயோட்டினாள். வேப்பிலை, உடுக்கை எதுவும் கிடையாது. பெரிய திரை ஒன்று, மௌஸ் ஒன்று, கழுத்து வலிக்குத் தைலம் ஒரு பாட்டில். அவ்வளவுதான் சரக்கு.

நிறுவனத்தின் பெயர் முழுவட்டம். ஓரிடத்தில் நின்று சுற்றிச் சுற்றி எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டி நீளமான ஒரே காட்சியாக்குவது பழைய வித்தை. ஒரு காலத்தில் எல்லோருடைய போனிலும் அது இருந்தது. முழுவட்டத்தின் மென்பொருள் அதையே பெரிதாகச் செய்தது. ஒரே ஆள் எடுத்த படமாக இருக்க வேண்டியதில்லை, ஒரே வருஷத்துப் படமாகவும் இருக்க வேண்டியதில்லை. யார் யாரோ எப்போதெப்போதோ எடுத்துப் போட்டுவிட்டு மறந்துபோன படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, இது இந்தச் சுவர், அது அதே சுவரின் மறு ஓரம் என்று தானே கண்டுபிடித்து ஒட்டிவிடும். அதற்கென்றே செய்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றால் சுற்றிலும் அந்த இடம். வருஷத்தைச் சொன்னால் அந்த வருஷத்து இடம். எப்போதோ இடித்துவிட்ட தியேட்டரின் வாசலில் அப்பா டிக்கெட்டோடு நிற்பார். திரும்பிப் பார்த்தால் அம்மா பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருப்பாள். இதற்கு 'வட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறமாதிரி ஜனங்கள் வட்டத்துக்கு வந்து போனார்கள்.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் யாராவது நகர்ந்துவிட்டால், ஒட்டும்போது அந்த ஆள் பாதி உடம்போடு, பின்னாலிருக்கும் சுவர் தெரிகிறமாதிரி நிற்பார். தொழிலில் அதற்குப் பேய் என்றே பெயர். அழித்து, அந்த இடத்தில் சுவரை நிரப்ப வேண்டும். முக்கால்வாசிப் பேய்களை மென்பொருளே ஓட்டிவிடும். மசியாதவை தாட்சாயணியிடம் வரும். ஓட்டி முடித்ததும் திரையின் அடியில் ஒரு கேள்வி எழும்: 'ஒட்டு தெரிகிறதா?' அதற்குப் பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். அவ்வளவு சுலபமாக 'இல்லை'யை அழுத்துகிறவள் இல்லை தாட்சாயணி. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒட்டு அவள் கண்ணுக்குத் தெரியும். பொல்லாத கண்.

நாற்பதைத் தாண்டிவிட்ட அவளுக்கு ஆள் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. விவரம் தெரிந்தபோதே விடுதியில் இருந்தாள். விடுதியிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வேலை, வேலையிலிருந்து அஸ்தம்பட்டியில் ஓர் ஒற்றை அறை. ஊழியர்களுக்கு வட்டம் இலவசம் என்றாலும் அவள் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. எதை வைத்துக் கேட்பது? அவளிடம் இருந்தது ஒரே ஒரு பழைய படம், இரண்டாம் வகுப்பு குரூப் போட்டோ. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேண்டீனுக்குப் போகமாட்டாள். மேட்டூர்ப் பூங்கா வட்டத்தைத் திரையில் திறந்துகொள்வாள். அதில் ஒரு பெரிய குடும்பம் புல்லில் ஜமுக்காளம் விரித்துப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இவள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து அவர்களோடு சாப்பிடுவாள். இதை அலுவலகத்தில் யாரும் கவனித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம்தான் முகச் சட்டம் வந்தது. பொது வட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு முகத்துக்கும் யாராவது சம்மதம் கொடுக்க வேண்டும். அந்த ஆளே கொடுக்கலாம், இல்லையென்றால் ரத்த உறவோ கட்டியவரோ கொடுக்கலாம். உறவுக்குக் காகிதச் சான்று இல்லாவிட்டால் சேர்ந்து நிற்கிற பழைய படம் ஒன்று போதும். ஒருவரும் வராத முகத்தை அழித்துவிட வேண்டும். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம்தான். ஆனால் குடும்பம் உள்ளவர்கள் நின்றார்கள், இல்லாதவர்கள் அழிந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பிச்சை கேட்டவர், சுண்டல் விற்றவர், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவர் என்று வரிசையாகத் தாட்சாயணியிடம் வந்தார்கள். அத்தனை பேரையும் அழித்துச் சுவராக்கினாள்.

சான்றுக்குக் கொடுக்கிற படங்களும் அவளிடம்தான் வரும். ஜனங்கள் பொய்யாக ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். அப்படித்தான் ரெஜினாவின் படம் வந்தது. ஜங்ஷன் வட்டத்தில் லாரிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு மெக்கானிக்கை இறந்துபோன தன் வீட்டுக்காரர் என்று அவள் எழுதியிருந்தாள். படத்தில் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். தோளில்தான் ஒட்டு தெரிந்தது. அவர்மேல் வெயில், இவள்மேல் ட்யூப்லைட் வெளிச்சம். தாட்சாயணி 'ஆம்' போட்டுவிட்டாள், சான்று தள்ளுபடியாயிற்று. இரண்டு நாள் கழித்து ரெஜினா நேரிலேயே வந்தாள்.

"பன்னெண்டு வருஷம் ஒண்ணா இருந்தோம் மேடம். தாலி கட்டலை. போட்டோ எடுக்கணும்னு தோணலை. தெனமும் பாத்துக்கிட்டிருக்கிற மூஞ்சிதானேன்னு விட்டுட்டோம்," என்றாள். அழவில்லை. "நான் ஒட்டுனது பொய்தான். ஒட்டுனதுல இருக்கிறது பொய்யில்லை."

"ரூல்ஸுங்க," என்றாள் தாட்சாயணி.

அன்று சாயங்காலம் மெக்கானிக்கை அழித்தாள். லாரியின் பச்சைக் கதவை நிரப்ப ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மேகத்திட்டு வட்டத்தின் முறை வந்தது அதற்கு அடுத்த மாதம். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஒருகாலத்தில் கட்டாயம் எட்டிப்பார்த்த இடம். மலையின் விளிம்பில் ஒரு மேடை, கம்பித் தடுப்பு, கீழே சேலம். ஒரு பெருமழையில் விளிம்பே சரிந்து கீழே போய்விட்டது. இல்லாத இடத்துக்குக் கிராக்கி அதிகம். முழுவட்டத்துக்கு அதிக வருமானம் தந்தது மேகத்திட்டுதான்.

சரிபார்க்கும்போது எல்லா வருஷத்துப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் எல்லா மனிதர்களும் ஆளுக்கு ஆள் கலந்து புகைமாதிரி ஆகிவிடுவார்கள். குடும்பம் குடும்பமாக வந்துபோனவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கும் புகையாகத்தான் இருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் கெட்டியாக நின்றார். குரங்குக் குல்லா, காப்பிக்கொட்டை நிறத்தில் ஸ்வெட்டர், எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்ட இரண்டு கைகள். தாட்சாயணி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். இத்தனை வருஷத்தில் புகையாகத்தான் பேயைப் பார்த்திருக்கிறாள்.

படங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள். வருஷா வருஷம், குடும்பத்துக்குக் குடும்பம், படத்தின் இடது ஓரத்தில், அரையடி தள்ளி அதே ஆள் நின்றார். மீசை நரைத்துக்கொண்டே வந்தது, ஸ்வெட்டர் மாறவில்லை. அந்தக் குடும்பங்களைக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: 'யாரென்று தெரியவில்லை.'

மேலாளர் ஜோதிலிங்கம் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லாதவர்.

"யாரும் வரலைன்னா தூக்கிடு தாட்சாயணி. இதுக்குப் போய் என்ன?"

தூக்கினாள். சோதனைப் பிரதியில்தான், நல்லவேளை. தூக்கிய மறுநொடி மேகத்திட்டு சிதறியது. ஓர் அப்பா மேலே மிதந்தார், அவர் கையைப் பிடித்திருந்த பிள்ளை எங்கோ கீழே போனான். கம்பித் தடுப்பு நாலாக உடைந்து நாலு பக்கம் போயிற்று. ஒரு கல்யாணப் பெண் தலைகீழாக நின்றாள். கடைசியில் எல்லோரையும் வெள்ளைப் பனி மூடிவிட்டது.

"ஐயையோ, என்னம்மா பண்ணினே?" என்றார் ஜோதிலிங்கம்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார். ரெண்டு படம் ஒட்டணும்னா ரெண்டுலயும் பொதுவா ஏதாவது ஒண்ணு வேணும். அங்க எப்பப் பாத்தாலும் பனி. பின்னாடி வெள்ளையா இருக்கு. கம்பியை வருஷத்துக்கு ஒருதரம் மாத்தியிருக்காங்க. கடையெல்லாம் மாறிக்கிட்டே இருந்திருக்கு. மாறாதது இந்த ஆள் ஒருத்தர்தான். இவரைப் பிடிச்சுத்தான் சாஃப்ட்வேர் இத்தனை குடும்பத்தையும் ஒட்டியிருக்கு."

ஜோதிலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இவரு எதுக்கு எல்லார் போட்டோவுலயும் வந்து நிக்கறாரு?"

தாட்சாயணி அதையும் பார்த்து வைத்திருந்தாள். "எண்ணிப் பாருங்க சார். ரெண்டு பேர் இருந்தா இவர் இல்லை. அஞ்சு பேர் இருந்தாலும் இல்லை. இவரை விட்டுட்டு எண்ணுனா எல்லாத்துலயும் மூணு பேர்."

"அடடே!" ஜோதிலிங்கம் தொடையைத் தட்டினார். "போட்டோவுல மூணு பேரா நிக்கக்கூடாதும்பாங்க. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆகாதாம். எங்கம்மா எங்களை அப்படி எடுக்கவே விடாது. ஆள் கெடைக்கலைன்னா ஒரு கரடி பொம்மையையாவது கையில திணிச்சிடும்." சிரித்தவர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "ஆளு இருக்காரா இல்லையான்னு பாரு. இருந்தா அவர் கைநாட்டே போதும். நாளைக்கே மேல போயிட்டு வா."

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அச்செடுத்த முகத்தைக் காட்டியவுடனே அடையாளம் சொல்லிவிட்டார்கள்.

"நம்ம டெலஸ்கோப்பாரு! பச்சியண்ணன்னு பேருங்க. மேகத்திட்டுல டெலஸ்கோப் வச்சு மேட்டூர் டேம் காட்டுவாரு. கூப்பிடாமலே போட்டோவுல வந்து நிப்பாருங்க. சிலபேர் சிரிப்பாங்க, சிலபேர் நல்லா ஏசிப்புடுவாங்க. ஒருதரம் ஒருத்தன் கையை நீட்டிட்டான். இருந்தாலும் நிறுத்த மாட்டாரு."

மூடிக்கிடந்த ஒரு லாட்ஜில் அவர் வாட்ச்மேனாக இருந்தார். பின்கட்டில் ஓர் அறை. அதில் ஒரு கயிற்றுக் கட்டில், கோணி போட்டு மூடிய டெலஸ்கோப், அடுப்பு. படத்தில் பார்த்ததைவிடக் குள்ளமாகத் தெரிந்தார். அதே ஸ்வெட்டர், முழங்கையில் வேறு நிற நூல்.

தாட்சாயணி வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாரும் அனுப்பி வைக்கறோம்னுதான் சொல்லிட்டுப் போவாங்க கண்ணு. அட்ரஸ்கூட எழுதிக்குவாங்க. ஒருத்தரும் அனுப்பலை," என்றார். "நான் இருக்கிற படத்தை நான் பாத்ததே இல்லை. அதை அழிச்சா என்ன, வச்சா என்ன?"

"அழிச்சா எங்களுக்குக் கஷ்டங்கய்யா. வட்டமே நிக்காது."

"அது உங்க பாடு."

தாட்சாயணி பையை எடுத்துக்கொண்டாள். எழுந்துபோகிற நேரத்தில், சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். "வேற எப்படியாச்சும் ஒட்டிக்கிட்டா சரிதான். நீங்க இல்லாம அவங்கவங்க மூணு பேர் மட்டும் நிப்பாங்க."

கிழவர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

"மூணு பேரா?"

"ஆமாங்க."

"பழைய படத்துலயுமா? அன்னிக்கு எடுத்த படத்துலயே மூணு பேரா ஆயிடுவாங்களா?"

"ஆமாங்கய்யா. நீங்க இருந்த இடத்துல பனியை நிரப்பிடுவோம்."

"எங்க வைக்கணும்? கட்டைவிரலா? சீக்கிரம் சொல்லு பாப்பா, எங்க வைக்கணும்?" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். அவள் கைரேகைக் கருவியை எடுப்பதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

முகம் அவருடையது என்று பதிவானபிறகு வட்டத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அடுத்த வாரம் முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கையில் ஒரு துணிப்பை. தாட்சாயணியே கண்ணாடியை மாட்டிவிட்டாள். எல்லா வருஷங்களையும் ஒன்றாகத் திறந்துவைத்தாள்.

அவர் வெகுநேரம் தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இளவயதுக்காரர் ஒருவர், நடுவயதுக்காரர் ஒருவர், நரைத்தவர் ஒருவர், எல்லாம் அவரேதான். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு குடும்பம். இரண்டு மூன்று இடத்தில் கையை நீட்டித் தொடப்போனார். காற்றைத்தான் தொட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்களா பாப்பா?"

"யாருங்கய்யா?"

"இவங்கதான். நடுவுல நிக்கிறவங்க."

தாட்சாயணிக்குத் தெரியாது. இருந்தாலும், "நல்லா இருக்காங்க. அவங்கதான் படத்தையெல்லாம் குடுத்திருக்காங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "இதுல நான் தனியா நிக்கிற படம் ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லைங்கய்யா. உங்களை மட்டும் யாரும் எடுக்கலை."

"நல்லதாப்போச்சு," என்றார். சிரித்தமாதிரிதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றியபோது கன்னம் ஈரமாக இருந்தது.

துணிப்பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு ஸ்டூடியோ படம். நீலத் திரைக்கு முன்னால் வாட்டசாட்டமான இளைஞராகப் பச்சியண்ணன், தலைநிறையக் கனகாம்பரத்தோடு ஒரு பெண், நடுவில் ஸ்டூல்மேல் ஏற்றி நிறுத்திய ஒரு சிறுமி.

"எங்கூட்டுக்காரி பாவாயி. எம்பொண்ணு தேன்மொழி. ஸ்டூடியோக்காரன் அப்பவே சொன்னான், மூணு பேரா இருக்கு, ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு. வாசல்ல ஒரு பையன் நின்னுக்கிட்டிருந்தான். அவனை வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். என் குடும்பப் படத்துல ஊரான் எதுக்குன்னு." அவர் விரல் சிறுமியின் தலையில் நின்றது. "காய்ச்சல்தான் வந்துச்சு. சாதாக் காய்ச்சல். ஆடி பொறக்கறதுக்குள்ள போயிட்டா. பாவாயி என்கூட இருக்கப் புடிக்காம அவங்க அண்ணன் வீட்டுக்குப் போனா, அங்கேயே செத்துப்போனா."

"ஐயா, அதுக்கும் படத்துக்கும்..." என்று தொடங்கிய தாட்சாயணி நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் ஏச்சும் அடியும் வாங்கிக்கொண்டு ஓடி ஓடிப்போய் நின்ற மனிதரிடம் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நீங்க ஒட்டுவீங்கல்ல," என்றார் அவர். "இதுல ஒருத்தரை ஒட்டிக் குடேன் பாப்பா. யாரா இருந்தாலும் சரி. ஓரமா நின்னாப் போதும். இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்லைன்னு எனக்குத் தெரியும். மனசு கேக்கமாட்டேங்குது."

"ஒட்டி அனுப்பி வைக்கறேங்க," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லைங்க. நானே கொண்டுவந்து தரேன்."

அழிப்பதையே தொழிலாக வைத்திருந்தவளுக்குச் சேர்ப்பது கைவரவில்லை. முதலில் மென்பொருளிடமே ஓர் ஆளைக் கேட்டாள். அது உருவாக்கித் தந்த மனிதர்கள் அழகாக இருந்தார்கள், ஒட்டே தெரியாமல் நின்றார்கள். ஆனால் இந்தப் பூமியில் பிறக்காத ஒருவரை அந்தச் சிறுமிக்குக் காவல் வைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. உயிரோடிருந்த ஆளாக வேண்டும். யாரைக் கேட்பது? யாரைக் கேட்டாலும் என் படம் எதற்கு என்பார்கள். கடைசியில் தன் குரூப் போட்டோவை எடுத்தாள். இரண்டாவது வரிசையில் எண்ணெய் வழிந்த முகத்தோடு, இரட்டைச் சடையோடு நின்ற தன்னைக் கத்தரித்தாள். பக்கத்துப் பெண்ணின் சடை இவள் தோள்மேல் விழுந்திருந்தது. அதை அழித்து நிரப்பியும் சிவப்பு ரிப்பனின் நுனி ஒன்று சட்டைமேல் தங்கிவிட்டது. ஸ்டூடியோ வெளிச்சம் இடப்பக்கம், இவள்மேல் வெயில் வலப்பக்கம். எவ்வளவோ பார்த்தாள். அதற்குமேல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். பச்சியண்ணன் படத்தை வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் உற்றுப் பார்த்தார்.

"யாரு இது?"

"நான்தாங்க. ரெண்டாவது படிக்கும்போது."

அவர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயும் கூப்பிடாமலே வந்து நின்னுட்டியா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கட்டிலுக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டினார். அவளுக்காக டீ வைத்தார். டெலஸ்கோப்பின் கோணியை எடுத்துவிட்டு மேட்டூர் டேமைக் காட்டப் பார்த்தார். பனியில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொரு நாள் வா, தெரியும்," என்றார்.

அதன்பிறகு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போனாள். பேசிக்கொள்வதற்கு இருவருக்கும் அதிகம் இருக்கவில்லை. அவர் டீ வைப்பார், இவள் குடிப்பாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவாள். ஒருநாளும் டேம் தெரியவில்லை. வேலை அதிகமான மாதத்தில் போகவில்லை. போகலாம் என்று நினைத்த வாரத்தில் மழை.

மார்கழிக் குளிரில் ஒரு காலையில் லாட்ஜ் முதலாளி போன் செய்தார். "வாட்ச்மேன் போயிட்டாருங்க. செவுத்துல போட்டோவுக்குக் கீழ உங்க நம்பர் எழுதியிருந்துச்சு. நீங்க அவருக்கு என்ன ஆகணும்?"

"தெரிஞ்சவங்க," என்றாள் தாட்சாயணி. போனை வைத்தபிறகு அந்தச் சொல்லைத் தனக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள், பொருந்தவில்லை. மேலே போய் எல்லாம் முடித்துவிட்டு, சுவரிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்தாள்.

சட்டம் சும்மா இருக்குமா? சம்மதம் கொடுத்தவர் இறந்துவிட்டால் வாரிசு மறுபடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முகம் அழியும். திரையில் அறிவிப்பு வந்தது. ஜோதிலிங்கம் பதறிப்போய் வந்தார்.

"யாராவது ஒரு ஆளைப் புடிச்சு வாரிசுன்னு நிறுத்திடலாமா? நம்ம வக்கீலைக் கேக்கட்டுமா?"

"வேண்டாம் சார். அவருக்கு ஆள் இருக்கு," என்றாள் தாட்சாயணி.

"இருக்கா? யாரு?"

"வருவாங்க சார்."

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேண்டீனுக்குப் போனபிறகு விண்ணப்பத்தைத் திறந்தாள். இறந்தவர் பெயர் பச்சியண்ணன். விண்ணப்பிப்பவர் பெயர் தாட்சாயணி. உறவு என்று கேட்ட இடத்தில் விரல் நின்றது. விடுதியில், பள்ளிக்கூடத்தில், வேலையில் சேர்ந்தபோது, வாடகை வீட்டுக்காரரிடம், எத்தனையோ காகிதங்களில் அந்த இடத்தில் அவள் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தடவை 'மகள்' என்று எழுதினாள். சான்று கேட்டது. ஸ்டூடியோ படத்தைக் கொடுத்தாள். அப்பா, அம்மா, ஸ்டூல்மேல் தங்கை, ஓரத்தில் இரட்டைச் சடையோடு அவள்.

படம் ஏற்கப்பட்டது, சரிபார்க்க அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது. முழுவட்டத்தில் சரிபார்ப்பதற்கு ஒரே ஆள்தான். டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அந்தப் படம் அவள் வரிசையிலேயே முதலாவதாக வந்து நின்றது.

வழக்கம்போலப் பெரிதாக்கினாள். மூன்று பேர்மேல் இடப்பக்கத்து வெளிச்சம், நாலாவது ஆள்மேல் வலப்பக்கத்து வெயில். தோளில் யாருடைய ரிப்பனோ ஒரு சிவப்பு நுனி. ரெஜினாவின் தோள் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னதும், தான் சொன்ன பதிலும். அந்தப் பச்சைக் கதவை இனி யாராலும் திறந்து அந்த மனிதரை வெளியே கூட்டிவர முடியாது. தாட்சாயணி திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அழுதாள். கேண்டீனிலிருந்து ஆட்கள் பேசிக்கொண்டு திரும்பி வருகிற சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரையின் அடியில் கேள்வி காத்திருந்தது. ஒட்டு தெரிகிறதா?

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. தாட்சாயணி 'இல்லை'யை அழுத்தினாள்.